ஹால்ஸ்டெர்னுக்குத் திரும்பிய தூசி

2071 ஜூலை 9. கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், உருகும் பனிப்பாறையின் குழி ஒன்றிலிருந்து எடுத்த கறுப்புத் தூசியில் அனுமதித்த அளவைப்போல் நாற்பது மடங்கு கதிரியக்கம் இருந்தது.

காற்றில் வந்து பனியில் புதைந்த கதிர்த்தூசி, பனி உருக உருக இப்படிக் குழிகளில் திரளும். அது எந்த அணுஉலையில் பிறந்தது என்று கதிரேகைமானி சொல்லிவிடும். ஒவ்வோர் உலையின் கழிவிலும் தனிமங்களின் விகிதம் வேறு. மீள்கழிவுச் சட்டப்படி, தூசி பிறந்த ஊருக்கே திரும்ப வேண்டும். அந்தத் தூசியால் செத்தவரின் உறவினர் கைரேகை வைத்தால் போதும்.

அங்கே பனி வெட்டும் முகாமில் வேலை பார்த்த அமலோற்பவம் மானியை இயக்கினாள். ‘ஹால்ஸ்டெர்ன் உலை’ என்றது திரை. அவள் கணவன் ராயப்பன் இந்த முகாமில்தான் பனி வெட்டினான். உருகிய நீரைக் குடித்தான். ரத்தப் புற்றில் செத்தான். “வெறும் தூசி” என்று சாதித்தது ஹால்ஸ்டெர்ன் நிறுவனம்.

அதன் வழக்கறிஞர் லிண்டெர் திரையில் வந்தார். பெயர்ப்பி அவர் பேச்சைச் செந்தமிழாக்கியது: “அம்மையீர், கைரேகை வைக்க வேண்டா. எம்மவர் ஹால்ஸ்டெர்ன் நகரை விட்டு வெளியேறிவிட்டனர். கடல் கொண்ட ஊர்களின் மக்களுக்கு அதை ஒப்படைத்துவிட்டோம்.”

“பிரசங்கம் வைக்கான் பாரு,” என்றாள் அமலோற்பவம். “அம்புட்டும் பொய்யி.”

உடன் வேலை பார்த்த அவள் ஊர்க்காரன் ஜேசுராஜ் தயங்கினான். “யக்கா, நம்ம வேம்பாரும் கடலுக்குள்ள போயிட்டு. சனங்கள எங்கயோ கப்பல்ல ஏத்திட்டாவளாம், ஒருத்தரும் போன் எடுக்க மாட்டேங்காவ. ஒருக்கா விசாரிச்சிருவமா?”

“ஆறு வருசமா விசாரிச்சாச்சுல. இவன் வாயில ஒரு உண்மை வந்துருக்கா? அவன் பிள்ளைகளும் அந்தத் தண்ணியக் குடிக்கட்டும்.”

கட்டைவிரலை வைத்தாள். அவ்வளவு அழுத்தத் தேவையில்லை.

அக்டோபரில் தூசி ஏற்றிய கப்பல் ஹால்ஸ்டெர்ன் சேர்ந்தது. பெட்டகங்களை இறக்கிய நாற்பது பேரும் வேம்பார்க்காரர்கள். ராயப்பனின் தம்பியும் அவர்களில் ஒருவன். இறக்கும்போது இரண்டு பெட்டகங்கள் உடைந்து, தூசி குடிநீர் ஏரியில் கலந்தது.

மறு ஆண்டு அவர்களில் செத்துப்போன பதினொரு பேரின் எலும்பில் அதே கதிரேகை தெரிந்தது. உறவினர்கள் கைரேகை வைத்தார்கள். தூசியை ஹால்ஸ்டெர்னுக்கே திருப்ப வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. வழக்கு முடிக்கப்பட்டது.