எந்த வெளி மாமா?

தொண்ணூறுகளில் திருகோணமலையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வீடுகளை இழந்த குடும்பங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. பதினொரு வயதுப் பூரணிக்கு இப்போது வீடு என்பது ஐந்தாம் வகுப்பு அறையின் ஒரு மூலை. முகாமில் எல்லோருக்கும் ஒரே கிணறு.

அன்று சனிக்கிழமை. காலையில் பூரணி அள்ளிய வாளித் தண்ணீரின் மேல் நீலமும் மஞ்சளுமாய் ஏதோ மினுங்கியது. மோந்து பார்த்தாள். எஞ்சின் ஒயில் நாற்றம்!

கிணற்றடியைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பள்ளம் கறுத்துக் கிடந்தது. சனிக்கிழமைகளில் ஜெனரேற்றர் வைத்துப் படம் காட்டும் ஆனந்தராசா, பழைய ஒயிலை அங்கேதான் ஊற்றுவார்.

பூரணி வாளியோடு அம்மா குணேஸ்வரியிடம் ஓடினாள்.

"மேலால வடிச்சுப்போட்டுக் குடிக்கலாம் பிள்ளை," என்றார் அம்மா.

பக்கத்துப் பாயில் இருந்த இராசையா மாமா சிரித்தார். "நாங்கள் ஷெல்லடிக்குப் பயந்து ஓடி வந்திருக்கிறம். இவள் ஒயிலுக்குப் பயப்படுறாள்!"

பூரணிக்கு முகம் சிவந்தது.

"ஷெல்லை நிப்பாட்ட எனக்கு ஏலாது மாமா. இதை நிப்பாட்ட ஏலும்."

அதற்கு முதல் நாள்தான் அவளும் தோழி நஜ்முன் நிஸாவும், சீனி சுற்றி வந்த பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை வாசித்திருந்தார்கள். விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்காக வாழ்பவர்களைப் பற்றிய செய்தி அது. அங்கே தண்ணீர் அவ்வளவு அரிது. காற்றில் கலந்த வியர்வை ஈரத்தைக்கூடப் பிடித்து, சுத்தமாக்கிக் குடிக்கிறார்களாம்.

"சீ! வேர்வையையோ?" என்று நிஸா மூக்கைப் பொத்தினாள்.

செய்தியோடு பூமியின் படமும் இருந்தது. சுற்றிலும் ஒரே இருட்டு. நடுவில் ஒரு நீல உருண்டை.

"இதுவும் ஒரு விண்கலம்தான் நிஸா," என்றாள் பூரணி. "நாங்கள் எல்லாரும் உள்ளுக்க இருக்கிறம். தண்ணி பழுதாப்போனால் இறங்கிப் போக வேற இடமில்லை."

மாலையில் ஆனந்தராசா பழைய ஒயில் நிறைந்த தகரத்தோடு கிணற்றடிக்கு வந்தார். அந்தப் பள்ளத்துக்குள் பூரணி சப்பாணி கட்டிக் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"எழும்பு பிள்ளை. சட்டை பழுதாகும்."

"சட்டையைத் தோய்க்கலாம் மாமா. கிணத்தைத் தோய்க்க ஏலாது. நான் எழும்ப மாட்டன்."

"அப்ப இண்டைக்குப் படம் இல்லை!"

பாய் விரித்து இடம் பிடித்திருந்த சிறுவர்கள் "ஐயோ!" என்று அலறினார்கள். "பூரணி, எழும்படி!"

அவளும் கிழமை முழுக்க அந்தப் படத்துக்காகக் காத்திருந்தவள்தான். ஆனாலும் அசையவில்லை.

நிஸா வந்தாள். கறுத்த மண்ணை ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பிறகு பூரணியின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எனக்கும் படம் வேண்டாம்."

கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு பள்ளத்தில் இடமே இல்லை.

ஆனந்தராசா தகரத்தைக் கை மாற்றிப் பிடித்தார். "இதை நான் குடிக்கிறதோ? வெளியிலதானே ஊத்தவேணும்!"

"எந்த வெளி மாமா?" என்று கேட்டாள் பூரணி. "விண்கலத்தில இருக்கிறவை கண்டதையும் யன்னலால எறியினமோ? எங்களுக்கும் வெளி எண்டு ஒண்டில்லை. நீங்கள் ஊத்துற மண்ணுக்குக் கீழதான் எங்கட தண்ணி இருக்கு. உங்கட பிள்ளையும் இதைத்தான் குடிக்குது."

ஆனந்தராசா குனிந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாங்கள் சமைக்கிற குசினிக் கொட்டிலின்ர கப்பு மரங்களைக் கறையான் தின்னுது," என்றாள் பூரணி. "ஒயில் பூசினால் கறையான் வராது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்... சொன்னனான்தான்."

அவர் தகரத்தைக் கப்புகளுக்குப் பூச ஒதுக்கி வைத்தார். மண்வெட்டி எடுத்து வந்து, பள்ளத்தின் கறுத்த மண்ணைத் தோண்டத் தொடங்கினார். இராசையா மாமாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இந்த மண்ணை அள்ளி வெளியில கொட்டுவம்," என்றார்.

"எந்த வெளி?" என்று பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். இராசையா மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். மண்ணை ஒரு பழைய பீப்பாய்க்குள் போட்டு மூடினார்கள்.

பிறகு படத்தை மறந்து கிணற்றை இறைத்தார்கள். மறுநாளும் இறைத்தார்கள். புதுத் தண்ணீர் ஊறி வந்தபோது எல்லோரும் பூரணியைப் பார்த்தார்கள். அவள் ஒரு கை அள்ளி, மோந்து, மெதுவாகக் குடித்தாள்.

"கொஞ்சம் உப்பு," என்று சத்தமாகச் சொன்னாள். "ஒயில் இல்லை!"

அடுத்த நிமிடம் முகாமே வாளிகளோடு வரிசையில் நின்றது.