பன்னிரண்டாவது தட்டு

பதினொன்றுதான். பன்னிரண்டாவது இருக்க வழியே இல்லை. அதை வெட்டி எறிந்தவளே நான்தானே.

மனத்துக்குள் சொல்லிக்கொண்டே அவள் அந்தப் பின்னூட்டத்தை மறுபடி படித்தாள். 'வௌவால்' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்.

"மூணு நாள்ல பண்ண விளையாட்டுன்னா நம்பவே முடியல. எலும்புக்கூடு மட்டும் எங்க மேனேஜர் மாதிரியே கைய வீசிக்கிட்டு நடக்குது, பயத்துக்குப் பதிலா சிரிப்புதான் வந்துச்சு. ஆனா கடைசில அந்தக் கதவத் தட்டுற சத்தம் இருக்கே, அம்மாடி! பன்னண்டு தட்டு. கடைசித் தட்டோட சேர்ந்து ஒரு பொண்ணு 'ஒரு நிமிஷம்'னு சொல்றது. ஹெட்போனக் கழட்டி வச்சிட்டேன்."

பிற்பகல் மூன்று மணி. ஜன்னல் வெயில் விசைப்பலகையின் பாதிவரை ஏறியிருந்தது. மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பயப்படுவதற்கான நேரமே இல்லை அது.

பகலில் ஓட்டல் அறைகளைப் பதிவு செய்யும் செயலிக்கு நிரல் எழுதுகிறவள் அவள். ஆறு வாரத்துக்கு முன்பு, எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஒரு விளையாட்டை உருவாக்க வேண்டும் என்ற இணையப் போட்டியில் சேர்ந்திருந்தாள். முப்பது வருடத்துக்கு முந்தைய கணினி விளையாட்டுகளின் பாணி: பாதாள அறைகள், கல் சுவர்கள், கட்டம் கட்டமாக வைக்கும் அடி. ஆடுகிறவர் அங்கேயே நின்று பார்ப்பதுபோல எல்லாம் தெரியும். திரையின் கீழ் ஓரத்தில் தீப்பந்தம் பிடித்த ஒரு கை மட்டும். யோசித்து வரைய நேரமில்லாததால் தன் வீட்டு நடைவழியையே அளந்து கடைசித் தளமாக்கினாள். பதினான்கு கட்டம், முடிவில் ஒரு கதவு. அதற்குப் பின்னால் ஓர் அறை கட்டவும் நேரமில்லை. சுவரில் வரைந்த கதவு அது. திறக்காது.

அந்த மூன்று நாளும் அக்கா இங்கேதான் இருந்தாள். தலையில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சரக்கு ரயில் ஓட்டுகிற அத்தான் வண்டியோடு போயிருந்தார். நினைவு தடுமாறி அக்கா இரண்டு முறை தெருவில் இறங்கி நடந்துவிட்டதால், கூட ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் வெளியே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். கூட ஆள் இருந்தது. நடைவழியின் இந்த முனையில், கணினிக்கு முன்னால், மூன்று நாளும் இருந்தது.

மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்குக் கெடு. நாலு மணிக்கு எல்லாம் தயார், சத்தம் ஒன்றைத் தவிர. அப்போதுதான், தாழ்ப்பாள் போட்டிருந்த அறைக்குள்ளிருந்து அக்கா கதவைத் தட்டினாள். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் தட்டு அப்படித்தான். இவள் எழுந்து போனாள். திறக்கத்தான் போனாள். கதவருகே போனதும் கையிலிருந்த கைபேசி கண்ணில் பட்டது. ஒலிப்பதிவை அழுத்தி, அதைக் கதவோடு சேர்த்துப் பிடித்தாள். இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று. இரண்டு, ஒன்று. இரண்டு. ஒன்று. கடைசித் தட்டின் மேல் இவள் குரலே விழுந்துவிட்டது.

"ஒரு நிமிஷம் அக்கா."

குரலை எடுக்க அந்தக் கடைசித் தட்டையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. மிஞ்சியது பதினொன்று. முடிவு அந்தரத்தில் நின்றதில் அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தாள்.

ஆறு மணிக்கு விளையாட்டை அனுப்பிவிட்டுப் போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள். கதவு ஒரு சாணுக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே, தரையில், ஏதோ தடுத்தது.

"தூக்கத்துலயே போயிட்டா அத்தான்" என்று சொன்னாள். நீ இருந்தியேம்மா, அதுவே போதும் என்று அவர் இவள் தலையைத் தடவிக் கொடுத்தார். அந்தக் கையின் கனம் இன்னும் உச்சந்தலையில் இருக்கிறது.

ஒலிக்கு முதல் பரிசு கிடைத்தது. 'கரடி' என்ற ஒருவர், இந்தச் சத்தத்த எப்படிங்க எடுத்தீங்க என்று கேட்டிருந்தார். மேசையில் விரலால் தட்டியதாகப் பதில் எழுதி, கீழே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள்.

இப்போது ஒலிக்கோப்பைத் திறந்து எண்ணினாள். பதினொன்று. அதற்குப் பிறகு அமைதியின் தட்டையான கோடு. மூன்று முறை எண்ணினாள். பக்கத்தைப் புதுப்பித்தபோது இன்னும் இரண்டு பின்னூட்டங்கள் வந்திருந்தன.

"கதவ ஒட்டி நின்னா தீப்பந்தம் காணாமப் போயி வேற கை வருதே, சூப்பர் ஐடியா. மணிக்கட்டுல அந்த வெள்ளை பிளாஸ்திரி எதுக்கு? கதை ஏதாச்சும் இருக்கா?"

"தயவுசெஞ்சு கதவத் திறக்க ஒரு வழி பண்ணுங்க. பாவமா இருக்கு."

பிளாஸ்திரியை அவள் வரையவில்லை. மருந்து ஏற்றிய ஊசியை எடுத்த இடத்தில், ஓரம் அழுக்கேறிச் சுருண்டு, அக்கா பிய்த்துக்கொண்டே இருந்த பிளாஸ்திரி.

கைபேசி அதிர்ந்தது. அத்தான்.

"என்னம்மா, சாப்டியா? உன் விளையாட்ட ஓய்வறைல உக்காந்து ஆடிப் பாத்தேன். நிஜ வண்டிய ஆயிரம் மைல் ஓட்டிருவேன், இதுல சுவத்துலயே போய் முட்டிக்கிட்டு நிக்கறேன். கூட இருந்தவங்க எல்லாம் ஒரே சிரிப்பு."

"பழகிட்டா வந்துரும் அத்தான்."

"கடைசிக் கதவு வரைக்கும் வந்துட்டேன்." அவர் குரல் இறங்கியது. "அந்தத் தட்டு... ரெண்டு, அப்புறம் ஒண்ணு. நான் குளிக்கப் போயி லேட்டானா அவ அப்படித்தான் தட்டுவா. எப்பவோ பதிஞ்சு வச்சியாக்கும்?"

"ம்... எப்பவோ எடுத்தது."

"நல்லது பண்ணே. அது மட்டுமாவது இருக்கே." மறுமுனையில் ஒரு ரயில் கூவிக்கொண்டு கடந்து போயிற்று. "ஏம்மா, அவ தூக்கத்துலதானே போனா?"

"ஆமா அத்தான்."

"சரி, சரி. சும்மாதான் கேட்டேன். அந்தக் கதவ மட்டும் திறக்கற மாதிரி பண்ணிருடா. சாயங்காலம் வர்றேன். எனக்காகப் பண்ணுவியா?"

அவள் என்ன சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அழைப்பு முடிந்திருந்தது.

விளையாட்டைத் திறந்தாள்.

முதல் இரண்டு தளங்களைத் தூக்கத்தில் நடப்பவளைப்போலக் கடந்தாள். மேனேஜர் எலும்புக்கூடு கையை வீசிக்கொண்டு வந்தது, வெட்டினாள், அது அவள் எழுதிவைத்த சொதப்பலான தாளத்தில் சரிந்து விழுந்தது, படி இறங்கினாள். கடைசித் தளத்தின் சாம்பல் சுவர்கள் இருபுறமும் எழுந்தபோது அறையிலேயே ஏதோ மாறியதுபோல இருந்தது: மாடியில் நாற்காலிச் சத்தம் நின்றிருந்தது, மின்விசிறியின் காற்றில் எங்கிருந்தோ களிம்பும் வியர்வையும் கலந்த வாடை, பல நாள் படுத்த தலையணையின் வாடை, ஆறு வாரமாகச் சாத்தியே கிடக்கிற அந்த அறையின் வாடை லேசாக வந்து வந்து போயிற்று. ஒரு கட்டம். இன்னொரு கட்டம். எண்ணினாள். பத்து. பதினொன்று.

பதினான்கு.

தீப்பந்தம் இல்லை.

திரையின் கீழே ஒரு கை இருந்தது. பெரிய பெரிய புள்ளிகளால் ஆன, மெலிந்த கை. மணிக்கட்டில் வெள்ளையாக நாலைந்து புள்ளிகள். கதவின் இந்தப் பக்கத்தில் தாழ்ப்பாள் இல்லை. அவள் வரைந்த கதவில் தாழ்ப்பாள் உண்டு. இது அந்தக் கதவின் மறுபக்கம். அவள் கட்டாமல் விட்ட அறைக்குள்ளிருந்து பார்க்கிற பக்கம்.

கை உயர்ந்தது. இரண்டு. ஒன்று.

ஒலிபெருக்கியிலிருந்து வந்தது சத்தம். நடைவழியிலிருந்தும் வந்தது.

மடிக்கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஏன் தூக்கினாள் என்று தெரியவில்லை. அதை மேசையில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ளத் தைரியம் இல்லை. வெயில் நடைவழித் தரையில் நீளமாக விழுந்து, அக்காவின் அறைக்கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அவள் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

திரையில், கதவின் அடியில் மங்கலாக ஒரு வெளிச்சக் கோடு. அதன் நடுவே இரண்டு நிழல்கள் வந்து நின்றன.

அவள் இடது காலைத் தூக்கினாள்.

ஒரு நிழல் மறைந்தது.

காலை வைத்தாள். நிழல் வந்தது.

இரண்டு. ஒன்று. இப்போது ஒலிபெருக்கியில் இல்லை, மரத்தில், மறுபடி முதலிலிருந்து. அவள் முழங்கால் உயரத்தில். நின்றுகொண்டு தட்டும் உயரம் இல்லை அது.

இரண்டு. ஒன்று.

"சின்னு." அக்கா மட்டும் கூப்பிடுகிற பெயர். நாக்கு வறண்ட குரல். "திறடி. தல என்னமோ பண்ணுது."

அன்றைக்கும் சொன்னாள். இதையேதான் சொன்னாள். பதிவில் அது விழவில்லை என்பதில் இவள் எவ்வளவு நிம்மதியடைந்தாள்! அதை வெட்டுகிற வேலை மிச்சம் என்று.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. ஓர் இழுப்பு போதும். இழுத்தால் அக்கா நாலு மணிக்கு உயிரோடு இருந்தாள் என்று ஆகிவிடும். தட்டினாள் என்று ஆகிவிடும். கூப்பிட்டாள் என்று. சாயங்காலம் அத்தான் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிரும்போது அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு. ஒன்று.

கதவின் அடி இடைவெளியில் ஏதோ வெள்ளையாக நீண்டது. பிளாஸ்திரியின் சுருண்ட முனை. அதன் பின்னால் நாலு விரல் நுனிகள், அவள் கால் பெருவிரலைத் தொட்டும் தொடாமலும் தரையில் வந்து படிந்தன. திரையில் கை இல்லை.

"சின்னு."

இரண்டு.

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள். குரலை உயர்த்தவில்லை. தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒரு நிமிஷம் அக்கா."

பன்னிரண்டாவது தட்டு அதன்மேல் விழுந்தது. திரையில் முதலில் ஒரு நிழலும், பிறகு இன்னொன்றும், கதவை விட்டு விலகின.