நாற்காலியைத் தின்ற லாரி

ஒரு நாற்காலியைக் குப்பையில் போட்டதற்காக ஒரு மனிதனை உள்ளே தள்ள முடியுமா என்று லாரி அக்கா கேட்டபோது, சர்வேயர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யாருடைய நாற்காலி என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே அக்காவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. காலையிலிருந்து அவள் பார்த்த வக்கீல் உட்பட எல்லோரும் என்ன விலை என்றுதான் கேட்டிருந்தார்கள்.

அலுவலகங்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் மேசை, பீரோ, கம்பளம், செத்துப்போன கணினி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் தரம் பிரித்து ஒழித்துக் கட்டுவது அக்காவின் தொழில். மூன்று லாரிகள், அதில் ஒன்று போட்டதையெல்லாம் அப்பளமாக நொறுக்கி விழுங்கும் அமுக்கு லாரி. கணவர் கணக்கைப் பார்த்துக்கொள்ள, கணவரின் தம்பி ஆட்களை மேய்ப்பான். அந்தக் கொழுந்தன்தான் இப்போது மாட்டிக்கொண்டிருந்தான்.

சர்வேயர் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த கடைகளையும் நனைந்த சரக்கையும் பார்வையிட்டே தலை நரைத்தவர். எதற்கும் அவசரப்படமாட்டார். அந்த அவசரத்தையும் சேர்த்துப் படுவதற்கு அவர் மனைவியின் தம்பி கூடவே இருந்தார். போலீஸ் தேர்வில் மார்பளவு போதாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட அந்த மைத்துனர், குறைந்த அளவைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர். அக்கா வாயைத் திறக்கும் முன்பே தடயம் சேகரிக்கப் பாலிதீன் பைகளை எண்ணி வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். மற்ற நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புத்தி சொல்லிப் பிழைக்கும் ஒரு பெரிய நிறுவனம், தன் மாடியைப் புதுப்பிக்கக் கிளம்பியது. பழைய சாமான்களை அகற்ற அக்காவைக் கூப்பிட்டார்கள். அவளுடைய ஆட்கள் வேலை செய்யும் முறை எளிது: போக வேண்டிய பொருளின் மேல் வெள்ளைச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார்கள். குறி இருந்தால் போகும், இல்லாவிட்டால் அசையாது. ஆனால் நிறுவனத்தின் தலைவருக்கு அது போதவில்லை. வேண்டாததை விடுவது என்பது ஒரு தத்துவம் என்று அவர் நினைத்தார். எனவே ‘புத்தாக்கத் தொடக்க விழா’ என்று ஒன்றை வைத்து, முதல் குறியைத் தன் கையாலேயே போட்டார். சாக்பீஸ் பள்ளிக்கூடத்தை நினைவூட்டுகிறதாம். அதனால் சிவப்புப் பெயிண்ட், புதுத் தூரிகை. ஒரு பழைய இரும்பு பீரோ மேல் பெரிய பெருக்கல் குறி. கைதட்டல். புகைப்படம்.

அன்று மாலையே, தலைவர் வீட்டுக்குப் போன பிறகு, அவருடைய கறுப்புத் தோல் நாற்காலியையும் அக்காவின் ஆட்கள் அள்ளி அமுக்கு லாரியில் போட்டுவிட்டார்கள். மறுநாள் அறைக்குள் நுழைந்தவர் உட்காரப் போய், உட்கார எதுவும் இல்லாமல் நின்றார். இது சதி, திருட்டு, தன் பதவியின் மேல் நடத்தப்பட்ட தாக்குதல் என்று புகார் எழுதி வைத்திருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் பொறுப்பானவன் யார் என்று தெரியாவிட்டால் கொழுந்தன் பேரில் புகார் போகும்.

“அவன் நேத்திலேருந்து ஒரு வாய் சாப்பிடல சார்” என்றாள் அக்கா. “திருடன்னு ஒரு தடவை பேர் விழுந்தா எந்த ஆபீஸ்காரன் அவனை உள்ள விடுவான்? மூட்டை தூக்குறவன் நேர்மையா இருக்கான்னு நம்பித்தானே சாவியைக் கையில குடுக்குறாங்க.”

முதலில், அள்ளி வந்த சாமான்களைக் கொட்டித் தரம் பிரிக்கும் அக்காவின் யார்டுக்குப் போனார்கள். மைத்துனருக்கு அது சொர்க்கமாக இருந்தது. உலகத்தில் இத்தனை தடயங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்பு, உடைந்த கடிகாரம், பல் போன சீப்பு என்று பை பையாகச் சேகரித்தார். அதெல்லாம் பல் மருத்துவமனையையும் ஜவுளிக்கடையையும் காலி செய்தபோது வந்தவை என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அதுவும் ஒரு கோணம்தான் என்றார் அவர்.

கொழுந்தன் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தான். அண்ணியைக் கண்டதும் எழுந்தான். நடந்ததை சர்வேயர் நிதானமாகக் கேட்டு வாங்கினார். தலைவரின் அறைக்குள் ஏன் போனீர்கள்? அங்கே இரண்டு பழைய அலமாரிகளுக்குச் சாக்பீஸ் குறி இருந்தது. நாற்காலிக்குக் குறி இருந்ததா? இருந்தது. ஏற்றும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுப்பது அவர்கள் வழக்கம் என்பதால் அவன் கைப்பேசியிலேயே இருந்தது. கறுப்புத் தோலில், சாயும் பலகையின் நட்ட நடுவே, மங்கலான சிவப்புப் பெருக்கல் குறி.

சர்வேயர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “உங்க ஆளுங்க குறியை எங்க போடுவாங்க தம்பி?”

“கீழதான் சார். முழங்கால் உயரத்துல, ஓரமா. தூக்குறப்ப மேல போர்வை சுத்திடுவோம், மேல போட்டா தெரியாது. குனியறவன் கண்ணுல படணும்.”

“இது மேல இருக்கு. பெயிண்டா வேற இருக்கு. சந்தேகம் வரலையா?”

கொழுந்தன் அண்ணியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான். “பெயிண்ட் குறி போட்டது அந்தத் தலைவர் ஒருத்தர்தான் சார். சரி, அவரே மனசு வந்து போட்டிருக்காருன்னு நெனச்சேன். பெரிய மனுஷன் தன் நாற்காலியையே விடுறாருன்னு பசங்ககிட்டக் கூடப் பெருமையா சொன்னேன்.”

அக்காவுக்கு அவனை அறையலாமா அணைக்கலாமா என்று புரியவில்லை. இந்த உலகத்தில் தலைவரின் பேச்சைக் கேட்டு நம்பிய ஒரே ஆள் தன் வீட்டிலா இருக்க வேண்டும்.

விழா முடிந்ததும் பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் எங்கே போயின என்று சர்வேயர் கேட்டார். கைதட்டல் ஓயும் முன்பே கொழுந்தன் அவற்றை மூடிக் கீழே லாரிக்கு அனுப்பியிருந்தான். திறந்த டப்பா மாடியில் இருந்தால் எவனாவது காலால் தட்டிவிட்டு, கம்பளம் கெட்டதற்கும் தங்களைத்தான் பிடிப்பார்கள் என்பது அனுபவம். அதற்குப் பிறகு மாடியில் சிவப்புப் பெயிண்ட் ஒரு சொட்டுக்கூட இல்லை.

பிறகு பழைய இரும்புக் குவியலில் கிடந்த விழா பீரோவைப் பார்த்தார்கள். சிவப்புக் குறி அதன் மேல் இருந்தது, ஆனால் அழகாக இல்லை. நடுப்பகுதி நசுங்கி இழுபட்டிருந்தது. காய்ந்த பெயிண்டில் துணி நெசவு மாதிரி மெல்லிய கோடுகள் பதிந்திருந்தன. யாரோ அழிக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று மைத்துனர் அறிவித்தார். சர்வேயர் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

அலுவலக வாசலிலேயே விழாப் புகைப்படம் ஆளுயரத்துக்குச் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது. பழுப்பு நிறக் கோட்டும் கால்சட்டையும் ஒரே துணியில் தைத்து உடுத்திய தலைவர், கைகளைக் கட்டிக்கொண்டு, பீரோவின் மேல் சாய்ந்து, எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனர் அக்காவின் முழங்கையை இடித்தார். படத்தில் குறியே இல்லை, பார்த்தீர்களா, அப்படியானால் குறி பிற்பாடு போடப்பட்டது, விழாவே பொய் என்றார். அக்கா சர்வேயரைப் பார்த்தாள். அவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பதை அவள் அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தாள்.

தலைவர் அவர்களைத் தன் அறையில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அமர்ந்தபடி வரவேற்றார். அந்தப் பழுப்புக் கால்சட்டையே போட்டிருந்தார். மேலே மட்டும் அதோடு சேராத கருநீலக் கோட்டு. நாற்காலி என்பது வெறும் மரமும் தோலும் அல்ல, அது ஒரு நிறுவனத்தின் முதுகெலும்பு என்று தொடங்கி அவர் பேசிய நேரத்தில் அக்கா ஒரு லாரியை ஏற்றி முடித்திருப்பாள். துணைத் தலைவர் தலையாட்டினார். உதவியாளர் அம்மாள் குறிப்பெடுத்தார். அறையில் குளிர்சாதனம் பல் கிட்டும்படி ஓடிக்கொண்டிருந்தது.

சர்வேயர் ஒரே கேள்விதான் கேட்டார், அதுவும் உதவியாளரிடம்: விழாவன்று ஐயா வீட்டுக்குப் போகும்போது கோட்டு போட்டிருந்தாரா? அம்மாளின் பேனா நின்றது. அன்றைக்கு ரொம்பப் புழுக்கமாக இருந்தது, ஐயாவுக்கு வியர்க்குமே என்று நான்தான் கழற்றச் சொல்லி வாங்கி வைத்தேன் என்றார். கோட்டு இப்போது எங்கே? சலவையில். குளிர்சாதனக் காற்றில் அக்காவின் கை மயிர் சிலிர்த்து நின்றது.

சர்வேயர் எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிடச் சொன்னார். விழாவில் கைதட்டியவர்கள் அத்தனை பேரும் சுவரோரமாக வந்து நின்றார்கள். மைத்துனர் பொறுக்க முடியாமல் துணைத் தலைவரை நோக்கி விரலை நீட்டி, அந்த நாற்காலியில் உட்கார நெடுநாளாகக் காத்திருந்தவர் இவரே என்று முழங்கினார். உட்காரக் காத்திருப்பவன் அதை ஏன் லாரியில் போடுகிறான் என்று சர்வேயர் கேட்டதும் விரல் மெதுவாக மடங்கியது.

“மாடியில சிவப்புப் பெயிண்ட் இருந்தது ஒரே இடத்துல. பீரோ மேல, ஈரமா” என்றார் சர்வேயர். “டப்பா கீழ போயிடுச்சு. அப்புறம் நாற்காலியில யாரும் குறி வரைஞ்சிருக்க முடியாது. வரையல. அது ஒட்டிக்கிட்டு வந்தது. பீரோ மேல குறி நசுங்கியிருக்கு, துணியோட இழை பதிஞ்சிருக்கு. வாசல்ல இருக்கிற படத்துல குறி ஏன் தெரியலன்னா, அதுக்கு முன்னாடி ஒருத்தர் சாஞ்சு நிக்கிறார். அப்புறம் அந்த ஈரக் கோட்டோடயே அறைக்குப் போயி நாற்காலியிலயும் சாஞ்சிருக்கார். பெருக்கல் குறி பாருங்க, எத்தனை தடவை புரட்டி ஒட்டினாலும் பெருக்கல் குறிதான்.”

தலைவர் இன்னும் ‘அந்த ஒருத்தர்’ யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, கழுத்துப் பட்டையிலிருந்து மேலே சிவந்தார்.

“முதுகுல... அதோட நான் எவ்வளவு நேரம் நடந்தேன்?”

சுவரோரம் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். அக்காவுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ‘அகற்றவும்’ என்ற குறியை முதுகில் சுமந்துகொண்டு அந்த மனிதர் இந்த மாடி முழுக்கக் கைகுலுக்கிக்கொண்டு போயிருக்கிறார். இத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். நாற்காலி ஏன் போயிற்று என்பது இத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், தன் கொழுந்தன் திருடனாகட்டும் என்று வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

“ஏங்க, உங்கள்ல ஒருத்தருக்குக் கூடவா சொல்லத் தோணல?” என்றாள். “அங்க ஒருத்தன் சோறு தண்ணி இல்லாம டயர் மேல உக்காந்திருக்கான்.”

உதவியாளர் அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “முன்னாடி ஒருத்தர், ஐயா உங்க பல்லுல கீரை ஒட்டியிருக்குன்னு சொன்னாருங்க. அவரை மாத்தின கிளைக்கு இன்னும் ரோடு போடல.”

தலைவர் அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நிறுவனங்களில் திறந்த மனதோடு உரையாடுவது எப்படி என்று அவர் எழுதிய வாசகம் பின்னால் சுவரில் பொன்னெழுத்தில் மின்னியது. யாரெல்லாம் பார்த்தீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கப் போனவரை சர்வேயர் கையமர்த்தினார். அதை அவர்கள் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் புகார்.

தலைவர் புகாரைக் கிழித்தார். போதாது என்றாள் அக்கா. திருடன் என்று சொன்ன வாயே இல்லை என்றும் சொல்ல வேண்டும், அவனிடமே, இப்போதே. தலைவரின் கைப்பேசியை வாங்கி, கொழுந்தனின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்தாள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வணக்கம். ஒரு நிறுவனத்தின் நீண்ட பயணத்தில் சில தருணங்களில் எதிர்பாராத சூழல்கள் உருவாகின்றன. அத்தகைய சூழல்களை நாம் ஒரு வாய்ப்பாக...”

“லோன் எல்லாம் வேணாங்க” என்றது கொழுந்தனின் சோர்ந்த குரல். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

சுவரோரத்தில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. அக்கா மறுபடி எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியது. தலைவர் அந்தச் சின்னத் திரையை வெறித்துப் பார்த்தார். அவனுக்கு எவ்வளவு பொறுமை மிச்சமிருக்கும் என்று கணக்குப் போடுவது போலிருந்தது. மறுமுனையில் ‘ஹலோ’ வந்ததும் மூச்சு வாங்காமல் சொன்னார்.

“தப்பு என்னுது தம்பி. நீங்க எதுவும் திருடல.”

“யாருங்க பேசறது?” என்றான் அவன்.

தலைவர் பதவியைச் சொல்ல வாயைத் திறந்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். “நாற்காலிக்காரன்” என்றார்.

“சரிங்க” என்றது மறுமுனை. பிறகு யாரிடமோ திரும்பி, சோறு மிச்சமிருக்கிறதா என்று கேட்பது கேட்டது. அக்கா கைப்பேசியைத் தலைவர் பக்கம் தள்ளிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.