லொரெட்டா தந்த தொட்டில்

குழந்தையின் அறை மட்டும் சில்லிட்டுக் கிடந்தது.

மற்ற இடமெல்லாம் ஹீட்டர் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலில் நீராவி வழிந்து, வெளியே கொட்டுகிற பனிகூடத் தெரியவில்லை. ஆனால் தொட்டிலின் கால்மாட்டில், தரையில் சூட்டுக்காற்று வருகிற துவாரத்தின் மேல் ரஸ்ஸல் கையை வைத்தபோது ஒன்றுமே வரவில்லை. அதை மூடியிருக்க வேண்டிய கம்பித்தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

“காலையில வந்து பாத்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு,” என்றாள் டேனா, கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டே. “தூக்கக் கலக்கத்துல நான்தான் எத்திட்டேன் போல.”

“ஆமா, நீதான் எத்தியிருப்ப,” என்றான் ரஸ்ஸல்.

“என்ன பாம்பாட்டி, ஏன் இப்படி வெளிறிப் போற? ரெண்டு ஸ்க்ரூ போட்டா தீர்ந்துது. இந்தா, இவனைப் பிடி. கார் சாவியக் காணோம், மதிய ஷிஃப்டுக்கு ஏற்கெனவே லேட்டு.”

பேச இடமே கொடுக்காமல் தியோவை அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். நாலரை மாதக் குழந்தை, கொழுகொழுவென்று, பால் மணத்தோடு. ரஸ்ஸல் அவனை அக்குளுக்குக் கீழே பிடித்துத் தூக்கினான். மாமனின் மூக்கைப் பார்த்துவிட்டு தியோ ஈறு தெரியச் சிரித்தான்.

டேனா அவன் தங்கை. புருஷனோடு ஒத்துவராமல் நவம்பரில் பிள்ளையும் பையுமாக வந்து நின்றபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கீழ இருக்கறதெல்லாம் பூட்டித்தானே இருக்கு?” பேஸ்மென்டில் அவன் இருபத்திரண்டு போவா மலைப்பாம்புகள் வளர்க்கிறான். ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில், அடுக்கடுக்காக. “ஒரு ஈ கூட வெளிய வராது,” என்று அவன் நெஞ்சில் தட்டிச் சொன்னான்.

டிசம்பரில் ஒரு நாள், அவற்றில் பெரியவளான லொரெட்டாவின் பெட்டி காலியாக இருந்தது. ஏழடி நீளம், அவன் தொடை கனம், வாலில் செங்கல் சிவப்பு. தாழ்ப்பாள் ‘டக்’ என்று விழுந்ததா என்று பார்க்காமல், போனில் எவனிடமோ அவளைப் பற்றிப் பீற்றிக்கொண்டே மூடியிருக்கிறான். பதினெட்டு வருஷம் வளர்த்தவன் செய்கிற தப்பா இது? மூன்று நாள் சத்தமில்லாமல் தேடினான். நான்காம் நாள் டேனா, “எங்க உன் மகாராணி? பெட்டி காலியா கெடக்கு?” என்று கேட்டாள். வாய் தானாகத் திறந்தது. கொலம்பஸ் ஊர்ப் பாம்புக் கண்காட்சியில் விற்றுவிட்டதாகச் சொன்னான். சொன்னதோடு விட்டானா? அந்தப் பொய்க்குச் சாட்சியாக, விற்ற பணத்தில் என்று சொல்லி ஒரு தொட்டில் வாங்கி வந்தான். நல்ல மேப்பிள் மரம், அடியில் கம்பளி வைக்க இழுப்பறை.

டேனா அவன் தோளில் சாய்ந்து அழுதாள். “எனக்காக லொரெட்டாவையே குடுத்துட்டியே,” என்றாள். அன்றிலிருந்து அதற்கு லொரெட்டா தொட்டில் என்றே பெயர். லொரெட்டாவில் படுக்க வை, லொரெட்டாவுக்கு விரிப்பு மாற்று. கேட்கும்போதெல்லாம் ரஸ்ஸலுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருக்கும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டான். குளிரில் செத்திருக்கும் என்று நம்பினான். தான் பெயர் வைத்து வளர்த்த ஜீவன் செத்துப்போயிருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டான்.

டேனாவின் கார் பனியை நசுக்கிக்கொண்டு போனது. தியோ தோளிலேயே தூங்கிவிட்டான். அவனைத் தொட்டிலில் படுக்க வைத்துவிட்டு ரஸ்ஸல் துவாரத்தின் மேல் குனிந்தான். சூடு ஏன் வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்றும் தெரியும். உயிரோடுதான் இருக்கிறாள், தகரக்குழாய்க்குள், கதகதப்பாக. முட்டி வந்திருக்கிறாள், தட்டு தூக்கியிருக்கிறது, திரும்பிப் போய்விட்டாள். அப்படித்தான் இருக்க வேண்டும். கம்பித்தட்டை அழுத்தி நான்கு ஸ்க்ரூவும் முறுக்கினான். இனிக் கீழே போய்க் குழாயைக் கழற்றிப் பிடித்துவிடலாம். டேனா வருவதற்குள். யாருக்கும் தெரியாமல். வெட்கங்கெட்ட மனம் அந்த நேரத்திலும் அதைத்தான் முதலில் நினைத்தது.

குழந்தை அழுதால் கேட்கிற மானிட்டரை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினான்.

பேஸ்மென்டில் மரத்தூள் நாற்றமும் எலி நாற்றமும் கலந்து நின்றன. காலையில் உறைபெட்டியிலிருந்து எடுத்த எலிகள் வெந்நீர் வாளியில் இளகி, வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. பெட்டிகளுக்குள் பாம்புகள் அந்த வாசனைக்கு விழித்துக்கொண்டு பிளாஸ்டிக்கை உரசின, ஒன்று மாற்றி ஒன்று, ஒரே மாதிரியான மெல்லிய சரசரப்பு. காலிப்பெட்டியின் முகப்பில் லொரெட்டாவின் அட்டை இன்னும் தொங்கியது. அவன் கையெழுத்து: சட்டை உரித்தது, அக்டோபர் 28.

செத்திருப்பாள் என்ற நம்பிக்கையில், அவள் சினையாக இருந்ததையே அவன் மறந்துவிட்டிருந்தான்.

சினை பிடித்த போவா ஒரு தரம் சட்டை உரிக்கும். வளர்ப்பவர்கள் அந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். நூற்றைந்தாம் நாள், ஒன்றிரண்டு முன்னே பின்னே, குட்டி போடும். முட்டை கிடையாது, உயிரோடு, முழுசாக, இருபதோ முப்பதோ. அவன் விரல் விட்டு எண்ணினான். நவம்பர், டிசம்பர், ஜனவரி. இன்று பிப்ரவரி பத்து.

சினையாக இருக்கும்போது அவள் எதையும் தொடமாட்டாள். குட்டி போட்ட மறுநிமிடம் கொலைப்பசி வந்துவிடும்.

ஏணியை இழுத்துப் போட்டு ஏறினான். குழந்தை அறைக்குப் போகிற குழாயின் இணைப்பை முறுக்கிப் பிரித்தான். உள்ளே காற்றைத் திருப்பிவிடுகிற தகர மடல் அழுந்தி மூடிக் கிடந்தது. கனமான ஏதோ அதன் மேல் ஏறிப் போயிருக்கிறது. மடலைத் தள்ளி, கையை முழங்கை வரை விட்டான்.

ஈரம். வழுவழுப்பு. வெதுவெதுப்பு.

கையை வெளியே இழுத்தபோது, கிழிந்த சவ்வு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதனுள்ளே ஒரு குட்டி, பென்சில் கனம், வாலில் செங்கல் சிவப்பு. நாக்கை நீட்டி அவன் கட்டைவிரலைத் தொட்டது.

இங்கே தொடங்கியிருக்கிறாள். மிச்சத்தைப் போட வேறு இடம் தேடி மேலே போயிருக்கிறாள். தட்டு தூக்கியிருந்தது உள்ளே போனதால் இல்லை. வெளியே வந்ததால். நான்கு ஸ்க்ரூவும் போட்டு, அவளைக் குழந்தையோடு வைத்து அவனே மூடிவிட்டு வந்திருக்கிறான்.

அந்த இழுப்பறை. அவன் திறந்து பார்க்கவே இல்லை.

குட்டியை வாளிக்குப் பக்கத்தில் விட்டான். கால் படியை நோக்கி ஓடவில்லை, கை கழுவும் தொட்டிக்குத்தான் ஓடியது. பதினெட்டு வருஷப் பழக்கம். சோப்பு, நகம் வரை, முழங்கை வரை. பாம்பைத் தொடுமுன் கை கழுவு. எலி வாசனையோடு போகாதே, உன் கை எது, இரை எது என்று அதற்குத் தெரியாது. புதிதாக வளர்க்க வருகிறவனுக்கு அவன் சொல்லித் தருகிற முதல் பாடமே அதுதான்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் தன் கையைப் பார்த்தான்.

சற்றுமுன் எலிகளை வாளியில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் டேனா மேலேயிருந்து கூப்பிட்டாள். ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு ஏறினான். கழுவவில்லை. அந்தக் கையால்தான் தியோவைத் தூக்கினான்.

மானிட்டரில் தியோ சிரித்தான்.

கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்கிற சிரிப்பு. அதற்குப் பின்னால் வேறொன்று. விரிப்பின் மேல் ஏதோ இழுபடுகிற ஓசை. நீளமாக. நிதானமாக.

ஓடினான். படியில் முட்டி இடித்தது. பையில் போன் அடித்தது. டேனா. எடுத்தான்; ஏன் எடுத்தான் என்று தெரியவில்லை.

“வந்து சேந்துட்டேன். ரோடு படு மோசம். தூங்குறானா?”

சொல். இப்போது சொல்.

“தூங்குறான்,” என்றான்.

கதவைத் திறந்தான்.

இழுப்பறை கையகலம் திறந்திருந்தது. கம்பளிகளின் மேல் ஈரம். தொட்டிலின் கால் வழியாக ஈரக்கோடு ஒன்று மேலே ஏறிப்போயிருந்தது. மரச்சட்டங்களுக்கு நடுவே முதலில் குட்டிகள்தான் தெரிந்தன. விரிப்பில். தலையணை மடிப்பில். ஒன்று தியோவின் மூடிய முஷ்டிக்குள். அவன் அதை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி, சுவர் எழுப்பியது போல, லொரெட்டா.

மெலிந்து போயிருந்தாள். விலா எண்ணலாம்.

“அடப்பாவி, சிரிக்கிறானே!” போனில் டேனாவின் குரல் குளிர்ந்தது. “தூங்குறான்னு சொன்ன? யாரு கூட விளையாடுறான்?”

லொரெட்டாவின் நாக்கு குழந்தையின் காலைத் தொட்டது. நகர்ந்தது. வயிறு. நெஞ்சு. அக்குளுக்குக் கீழே, ரஸ்ஸலின் விரல்கள் பிடித்த இடத்தில், நின்றது. மறுபடி தொட்டது. மறுபடி.

“ரஸ்ஸல்? யாருடா அங்க?”

அவன் கையை உள்ளே நீட்டினான். அவள் முகத்துக்கு நேரே, விரல்களை விரித்து. என்னைக் கடி. இதோ. என்னை.

அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கையில் சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது.

இரைமேல் பாய்வதற்கு முன் மடிவது போல, லொரெட்டாவின் கழுத்து மெதுவாக மடிந்து பின்னால் போனது.