வடக்கே வைத்த தலை

கலைவாணி இன்றும் வடக்கே தலைவைத்துப் படுத்திருந்தாள். பாயைக் கிழக்கு மேற்காக விரித்து மகளைக் கிடத்திவிட்டுத்தான் அமிர்தவல்லி அரிசி களையப் போனாள். உலை வைத்துவிட்டுத் திரும்பினால், ஆறு வயதுப் பெண் பாயோடு திரும்பி, இரண்டு தலையணைகளை முதுகுக்கு முட்டுக்கொடுத்து, தெற்கு ஜன்னல் வெயிலில் கண் சிமிட்டாமல் சாய்ந்து கிடக்கிறாள். நெற்றி சுட்டது. தலைமுடியில் காய்ந்த கண்ணாடித் தூசியின் வாசனை வந்தது.

பத்து நாளாக இப்படித்தான். உச்சிவேளையில் கொதிக்கும் உடம்பு பொழுது சாய்ந்ததும் சில்லிட்டுவிடும். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். நேற்று ராத்திரி அமிர்தவல்லி மகளின் மூக்கருகே விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே மாரியாத்தாளை முழுசாக வேண்டி முடிக்க நேரம் இருந்தது. ராத்திரிக்கு ராத்திரி அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது.

காரணம் அவளுக்குத் தெரியும். அவர்கள் ஊரில் பிள்ளையின் தொப்புள்கொடியைச் சொந்த நிலத்தில் புதைப்பார்கள். நிலம் கைமாறினால், முதல் வேலையாக அந்த மண்ணைத் தோண்டியெடுத்துப் புது வீட்டு வாசலில் இட வேண்டும். சோலார் கம்பெனி நிலம் கேட்டு வந்தபோது, இதைச் சொன்னால் பேரம் தள்ளிப்போகும், அந்தப் பணத்தில் வாங்கவிருந்த முத்தியால்பேட்டை வீடு கைநழுவிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஊரே மூடிக்கொண்டது; கொடி புதைத்த மண்ணை யாரும் எடுத்துவரவில்லை. எல்லோரும் இதே தெருவுக்குக் குடிவந்தார்கள். அங்கே வரப்பையும் கிணற்றையும் மூடிச் சமன்செய்து, கண்ணாடிப் பலகைகளைத் தெற்கே பார்த்துச் சாய்த்து வைத்தார்கள். பத்து நாளைக்கு முன்னால்தான் கரண்ட் எடுக்க ஆரம்பித்தார்கள்.

பலகை துடைக்கும் வேலை அவள் புருஷன் ராஜவேலுக்கு. செல்போனில் அவன் குரல் காற்றோடு வந்தது.

"கடப்பாறை எடுத்தாந்துட்டேன். எந்த எடம்னு சொல்லு, அமிர்தம்."

"கெணத்துக்கு மேக்கால, வரப்போரம் நொச்சி இருக்குமே, அதும் அடியில."

"கெணறு ஏது, வரப்பு ஏது? நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்குது. நம்ம நெலம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல." அவன் அழுதான். "கடல் பக்கம் இருட்டிக்கினு வருது. கொழந்தயப் பாத்துக்க."

ஜன்னல் வெளிச்சம் மங்கியது. ஐப்பசி மேகம். அவள் கைக்கடியில் கலைவாணியின் சூடு இறங்கியது. ஒரு மூச்சு. அப்புறம் இல்லை.

வாரி எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அங்கே இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்த்தாள். மூச்சு வந்தது.

"மறைக்காதம்மா."

அவளுடைய நிழல் மகளின் மார்பில் விழுந்திருந்தது. பதறி விலகினாள்.

எதிர்மாடியில் வீராயி, அவர்கள் ஊர்க்காரி, தன் மகனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். அடுத்த மாடியிலும் ஒருத்தி. அதற்கடுத்ததிலும். எல்லாப் பிள்ளைகளும் தெற்கே முகம் சாய்த்து, கண் சிமிட்டாமல் இருந்தன.

மேகத்தின் நிழல் ஒவ்வொரு மாடியாக வந்தது. அது தொட்ட மாடியில் ஒரு தாய் அலறினாள். பிறகு அடுத்த மாடியில்.

வீராயி அலறினாள்.

நிழல் தெருவைத் தாண்டியது. அமிர்தவல்லி மகளைத் தூக்கினாள். கை எட்டும் மட்டும். இன்னும் மேலே.

முதல் மழைத்துளி கலைவாணியின் திறந்த கண்ணில் விழுந்தது. கண்ணாடிமேல் விழுந்ததுபோல், வழிந்து இறங்கியது.