முகட்டில் காற்று திரும்பியது

போன கோடையில் கருகிக் கம்பியாகிப்போன கருவி, அன்று சாயங்காலம் காற்றின் திசையை அனுப்பியது.

அலுவலகத்திலிருந்து உதவியாளன் போன் செய்து சிரித்தான். "மேடம், செத்துப்போன வெதர் ஸ்டேஷன் பேசுது! மலை முகட்டுல எரிஞ்சுதே, அதுவேதான்."

"பழைய சிக்னல் எங்கயாவது சிக்கிட்டிருக்கும். தூக்கிடுங்க."

"தூக்கிட்டேன் மேடம். திரும்பத் திரும்ப வருது. ரொம்ப ரோஷக்காரக் கருவி போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணவன் வேலையாக வெளியூர் போயிருந்தான். உள்ளறையில் காய்ச்சலோடு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். குளிர் அடிக்கக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்ததால், மருந்து வாடையும் ஆடை கட்டிப்போன பாலின் வாடையும் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. அடுப்பை அணைத்தாயிற்றா என்று எழுந்து போய்ப் பார்த்தாள். அணைத்துத்தான் இருந்தது.

காட்டுத்தீ எந்தப் பக்கம் போகும் என்று கணிப்பது அவள் வேலை. காடு முழுக்கக் கருவிகள் காற்றையும் வெப்பத்தையும் அளந்து அனுப்பும். எல்லாம் ஒன்று சொல்ல, ஒன்று மட்டும் வேறு சொன்னால், அந்த ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும். அதுதான் முறை. போன கோடையில் மலை எரிந்த அன்றைக்கும் அப்படித்தான் எறிந்தாள். முகட்டுக் கருவி மட்டும் காற்று எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டதாகச் சொன்னது.

கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ்ஸில் முகட்டுக் காவல் கோபுரத்துக்காரர் வந்தார். "காத்து திரும்புதும்மா. முகத்துல அடிக்குது. கீழ எறங்கிடவா?"

"மத்த கருவி எதுவும் அப்படிச் சொல்லலைண்ணே. வழியிலதான் ஆபத்து. அங்கயே இருங்க."

"சரிம்மா. நீங்க சொன்னா சரிதான்."

கோபுரத்தோடு அவரும் எரிந்துபோனார். அந்தச் ‘சரிதான்’ அவளைத் தின்றுகொண்டிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாவி நான், அதற்குப் பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். விசாரணையில் "கருவிக் கோளாறு" என்றாள்; எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் மனைவி வந்து, கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டபோது, லைன் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மடிக்கணினியைத் திறந்தாள். முகட்டுக் கருவியின் வரி துடித்துக்கொண்டிருந்தது. வெப்பம், ஈரம், காற்று. அந்த வெப்பத்தை எங்கோ பார்த்த ஞாபகம். நிமிர்ந்தாள். மகளின் அறை வாசலில் சின்ன வெப்பமானி ஒன்று தொங்கியது. தொழில் புத்தி, அவளே மாட்டியது.

இரண்டிலும் ஒரே எண்.

திரையில் எண் ஏறியது. வாசலிலும் ஏறியது.

சே, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து எனக்கும் புத்தி கலங்கிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் ஏது காற்று? மற்றக் கருவிகள் எல்லாம் அமைதி என்கின்றன. இது மட்டும்தான் வேறு சொல்கிறது. யோசிக்கும் முன்பே, பழகிய விரல் அந்த வரியை அழித்துவிட்டது.

வாடை இப்போது நன்றாகத் தெரிந்தது. பச்சை மரம் எரிகிற வாடை.

உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். தெளிவான குரல். காய்ச்சல் குரலே இல்லை.

"காத்து திரும்புதும்மா."

அவள் ஓடினாள். கதவுப்பிடி கையைச் சுட்டது. புடவைத் தலைப்பைச் சுற்றித் திறந்தாள்.

ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. திரைச்சீலை அசையவில்லை. மகள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. அவள் கூந்தல் மட்டும் பின்னால் பறந்துகொண்டிருந்தது.

"முகத்துல அடிக்குதும்மா."

"எழுந்து வாடி கண்ணு! அம்மாகிட்ட வா!"

தூக்கப் பாய்ந்தாள். அனல் நெஞ்சில் மோதித் தள்ளியது. மறுபடி பாய்ந்தாள். மறுபடி தள்ளியது.

"பாப்பா, இறங்கு! ஓடி வா!"

மகள் மெல்லத் தலையாட்டினாள். வரமாட்டேன் என்று.

"அங்கயே இருன்னு நீதானேம்மா சொன்னே?" கோபமே இல்லாத குரல். "நீ சொன்னா சரிதான்."

சுற்றிலும் தீ இல்லை. புகைகூட இல்லை. குழந்தையின் புருவ முடி ஒவ்வொன்றாகச் சுருளத் தொடங்கியது.