மர்சலினின் மூலை மேசை

1947 ஜனவரியில், மயிலாப்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு முன் அங்கே இருந்த மர்சலின் மஞ்சள் காமாலையில் செத்துப்போயிருந்தாள். அவள் உட்கார்ந்த மூலை மேசையைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

"அங்க ஒக்காராத ஃப்ளோரன்ஸம்மா," என்றார் அறையைக் கூட்டும் கனகராஜ், குரலைத் தாழ்த்தி. "மர்சலினம்மா இன்னும் அங்கதான் கீது."

"பட்டப்பகல்ல பேயா? போங்கண்ணே."

எனக்கு மனுஷர்கள் மேல்தான் கோபம். ரத்தம் தொடுகிறவள் என்று ஆஸ்பத்திரி விடுதியில் ஒருத்தியும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். மர்சலினுக்குக் கடைசி நாட்களில் கஞ்சித் தட்டைக் காலால் தள்ளிவிட்டார்களாம்.

ஆகஸ்டில் இரண்டு ஆயாக்களுக்குக் கண் மஞ்சளித்தது. ஊழியர்கள் எல்லாருடைய ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார் டாக்டர். மஞ்சள் தெரிந்தால் வேலை இல்லை. சாந்தோமில் கன்னியாஸ்திரிகள் எடுத்து வளர்த்த பெண் நான். வேலை போனால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

ரத்தம் உறைந்ததும் மேலே தெளிகிற நீரை, கண்ணாடிக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சித்தான் எடுப்போம். கொஞ்சம் அதிகம் இழுத்தால் நாக்கில் பட்டுவிடும். எனக்கு இரண்டு முறை பட்டது. துப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். எல்லாரும் அப்படித்தான்.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், காலையில் எடுத்து வைத்திருந்த என் ரத்தத்தைப் பார்த்தேன்.

மேலே தெளிந்த நீர் மஞ்சள் கரைத்தது போல இருந்தது.

இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கண்ணாடிக் குழாயை அதில் இறக்கினேன். வாயருகே கொண்டுபோகவில்லை.

நீர் தானாக மேலே ஏறியது.

யாரோ உறிஞ்சும் சத்தம். கஞ்சி வாடை. குளிர்ந்த மூச்சு என் கன்னத்தில் பட்டது.

மஞ்சள் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மேல்முனைவரை போய் மறைந்தது. கீழே மிஞ்சிய நீர், நோயில்லாதவர்களுடையதைப் போலத் தெளிந்து நின்றது.

"நீயும் போயிடாத," என்றது காதருகே ஒரு குரல்.

என் நீரைப் பார்த்த டாக்டர், குறை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டார்.

"தப்பிச்சிக்கினம்மா!" என்று சிரித்தார் கனகராஜ்.

சாயங்காலம் விடுதியில் என் அறைக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். என் கண்களின் ஓரத்தில் மஞ்சள் படர்ந்திருந்தது.

ஓடிப்போய் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பிறந்த இந்தப் பத்தொன்பது வருஷத்தில் என்னைப் போகாதே என்று சொன்னவள் மர்சலின் ஒருத்திதான்.

கட்டிலில் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தேன்.

பக்கத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது.